கினிப்பன்றி வளர்ப்பும் குடும்பக் கணக்கும்

நமது சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவில், குழந்தைகளின் போட்டிகளெல்லாம் முடிந்து பந்தியில் அமர்ந்திருந்தபோது, அருகிலிருந்த அன்பர் ஒருவர் நம் பக்கம் திரும்பினார். "உங்கள் வீட்டில் கினிப்பன்றி வளர்க்கிறீர்களாமே! என் மகனும் ஒன்று வேண்டுமென்று நச்சரிக்கிறான். என்ன விலை ஆகும் சார்?" என்று கேட்டார். "வாங்கும் விலையைக் கேட்கிறீர்களா, வளர்க்கும் விலையைக் கேட்கிறீர்களா?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். "இரண்டும் வேறா?" என்றார் அவர் வியப்புடன்.

பாயசம் வந்துவிட்டதால் பேச்சு அத்துடன் நின்றது. ஆயினும் அக்கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. புனாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்போது குழந்தைகள் இப்பிராணியைக் கேட்கின்றனர். நாய் வளர்க்க இடமில்லை. பூனை வீட்டில் தங்குவதில்லை. இதுவோ கையடக்கமான சாதுப் பிராணி, குரைப்பதில்லை, கடிப்பதும் அரிது. ஆதலால் மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பங்களுக்குப் பயன்படுமென்று கருதி, நம் இல்லத்துக் கணக்குப் புத்தகத்தை அன்பர்கள் முன் திறந்து வைக்கத் துணிந்தோம். அதில் பெருமைப்படத்தக்க பக்கங்களும் உண்டு. வெட்கப்படத்தக்க பக்கம் ஒன்றும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

கூலியும் வார்ஃபேஜும்

நாம் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. எங்கிருந்தோ ஒரு பெட்டி பார்சலாக வந்து சேருகிறது. அதற்குரிய கூலி கட்டியாகிவிட்டது. உரியவர் குறித்த நேரத்திற்குள் வந்து எடுத்துச் சென்றால் வேறு செலவில்லை. எடுக்காமல் போட்டு வைத்தால் 'வார்ஃபேஜ்' என்ற கட்டணம் ஏறத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் ஏறும். வீட்டில் கல்யாணம் என்றாலும் ஏறும். சில சமயம் பெட்டியிலுள்ள சரக்கின் மதிப்பையும் அது மிஞ்சிவிடுவதுண்டு.

பிராணி வளர்ப்பும் இத்தகையதே. கடையில் கொடுக்கும் பணம் கூலி மாத்திரம். நாள்தோறும் ஏறுவது வார்ஃபேஜ். ஒரு வேற்றுமை உண்டு: பெட்டியை என்றேனும் ஒருநாள் விடுவித்துவிடலாம். கினிப்பன்றியோ ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை வாழக்கூடியது. அத்தனை நாளும் அதற்குப் பசிக்கும்.

சென்ற ஆண்டு குடியரசு தின விடுமுறையன்று இரண்டு பெண் குட்டிகளை 1,600 ரூபாய்க்கு வாங்கினோம். ஆறாம் வகுப்பை நெருங்கிக்கொண்டிருந்த நம் மகள் அவற்றுக்கு மல்லி, மிளகு என்று பெயரிட்டாள். "ரொட்டித் துண்டும் காரட்டும் போதும், நாளுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகாது" என்று கடைக்காரர் சொன்னார். நாமும் அதை நம்பினோம். விற்பவர் கூலியைத்தான் சொல்வார், வார்ஃபேஜைச் சொல்லமாட்டார் என்பதைப் பார்சல் ஆபீசில் இத்தனை ஆண்டு உட்கார்ந்த நாமே மறந்துவிட்டோம்.

பன்றியுமன்று, கினியுமன்று

பெயரில் பன்றி இருப்பினும் இது பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. கினி நாட்டிலிருந்து வந்ததுமன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவுக்காக வளர்த்த கொறிக்கும் பிராணி இது. பெரு நாட்டில் இன்றும் உணவாகிறது. சீமைப் பெருச்சாளி என்றும் தமிழில் ஒரு பெயர் வழங்குவதுண்டு.

விஞ்ஞானத்திற்கு இப்பிராணி செய்த தொண்டு பெரிது. 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து நிலைநாட்டியது கினிப்பன்றிகளைக் கொண்டே. 1907-இல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரூலிக் என்ற இருவர் இவற்றுக்குத் தானியத்தை மாத்திரம் கொடுத்து வளர்த்தபோது, கப்பலோட்டிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் இவற்றுக்கும் வந்ததைக் கண்டனர். மனிதனைப் போலவே கினிப்பன்றியின் உடலும் 'சி' வைட்டமினைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாதது. பின்னர் ஹங்கேரி நாட்டு ஸெண்ட்-ஜியார்ஜி தாம் பிரித்தெடுத்த பொருள் அந்த வைட்டமினே என்பதைக் கினிப்பன்றிகளைக் கொண்டு உறுதிசெய்தார். அதனைப் பெருமளவில் எடுக்க அவருக்குக் கைகொடுத்தது அந்நாட்டுச் சிவப்பு மிளகாய். 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குடும்பக் கணக்கில் இந்தச் சரித்திரத்திற்கு என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணலாம். முழு வேலையும் இதற்குத்தான். இதனை அறியாமல் நாம் போட்ட கணக்கு ஓர் உயிரைக் கொண்டு போயிற்று. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

என்னென்ன செலவு?

முதலாவது, கூடு. இரண்டு பிராணிகளுக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட தரையாவது வேண்டும். கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். பலகைத் தரையே ஏற்றது. பழைய பாக்கிங் பெட்டிப் பலகையும் கம்பி வலையும் வாங்கித் தச்சரிடம் கொடுத்துச் செய்ததில், தண்ணீர்ப் புட்டி உட்பட 1,800 ரூபாய் ஆயிற்று. மூன்றாண்டு உழைக்குமென்று கொண்டால் மாதம் 50 ரூபாய்.

இரண்டாவது, உலர்ந்த புல். இதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. இடைவிடாமல் புல்லை மென்றால்தான் அவை தேயும். குடலும் ஒழுங்காக இயங்கும். ஆகவே கூட்டில் எந்நேரமும் உலர்புல் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் புல் அடைத்த பொட்டலங்கள் கடைகளில் உண்டு. நம்மால் இயலாத விலை. குதிரைத் தீவனம் விற்கும் வியாபாரியிடம் பூஞ்சணமில்லாத நல்ல உலர்புல்லாகப் பார்த்து வாங்குகிறோம்.

ஊரிலிருந்து வந்திருந்த நம் தாயார் இதைக் கண்டு, "ஏலே, புல்லைக்கூடவா காசு குடுத்து வாங்குதிய?" என்று திகைத்துப் போனார்கள். திருநெல்வேலிச் சீமையில் வரப்போரம் நின்று அரிவாளால் அறுத்து வருவதை, இங்கே தராசில் நிறுத்து வாங்குகிறோம். பிழைப்பு நாடி வந்த ஊரில் புல்லுக்கும் விலையுண்டு என்பதை அவர்களுக்கு விளக்குவது எளிதாக இருக்கவில்லை.

மூன்றாவது, பச்சைப் புல். தெருவோரத்துப் புல்லில் நாய்களின் அசுத்தமும் மருந்துத் தெளிப்பும் இருக்கலாம். கோயில் வாசலில் பசுவுக்கு அளிக்கப் புல் விற்கும் மாதர்களிடம் ஒரு கட்டு வாங்கி, கழுவி உலர்த்திக் கொடுக்கிறோம். அறுகம்புல்லையும் இவை விரும்பி உண்ணும். ஆனால் விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போது புனா நகர் முழுவதும் 'தூர்வா' தேடுவதால் அதன் விலை உயர்ந்துவிடும். அந்த நாட்களில் விநாயகருக்கு ஒரு பிடி, கினிப்பன்றிக்கு வேறு புல் என்று வைத்துக்கொள்கிறோம். 'லசூண் காஸ்' எனப்படும் குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குட்டிகளுக்கும் சினையுற்றவற்றுக்கும் நல்லது. வளர்ந்தவற்றுக்கு நாள்தோறும் கொடுத்தால் சிறுநீரில் கல் உண்டாகக்கூடும்.

நான்காவது, காயும் கீரையும். ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் 'சி' வைட்டமின் வேண்டும். மராத்தியர் 'டோப்ளி மிர்ச்சி' என்னும் குடைமிளகாயில் 100 கிராமுக்குச் சுமார் 80 மில்லிகிராம் உள்ளது. நடுத்தரக் குடைமிளகாய் ஒன்றைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்தால் இரண்டுக்கும் போதும். கூடவே கொத்தமல்லி, சிறிது வெள்ளரி. ரொட்டி, சோறு, இட்லி, பருப்பு, பால் இவையெல்லாம் ஆகா. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடவே கூடாது.

ஐந்தாவது, குச்சித் தீவனம். 'சி' வைட்டமின் சேர்த்துக் கினிப்பன்றிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். முயல் தீவனம் மலிவு. ஆனால் அதில் அந்தச் சத்தைச் சேர்ப்பதில்லை.

ஆறாவது, படுக்கையும் சுத்தமும். பழைய பருத்திப் புடவையும் துண்டும் மடித்துப் போட்டு, நாள்தோறும் மாற்றித் துவைக்கிறோம். சோப்புச் செலவுதான்.

ஏழாவது, வைத்தியம். இதை நாம் முதலில் எழுதவேயில்லை.

வெட்கப்படத்தக்க பக்கம்

அரிசியும் பருப்பும் வாங்குவதில் நம் தாய்மார் நமக்கு இரண்டு பாடங்கள் கற்பித்துள்ளனர். மலிவாகக் கிடைக்கும்போது மொத்தமாக வாங்கு என்பது ஒன்று. விலை ஏறும்போது அளவைக் குறை என்பது மற்றொன்று. இவ்விரண்டினாலேயே நம் குடும்பங்கள் அந்நிய ஊரில் கடன்படாமல் வாழ்கின்றன. நாமும் இவ்விரண்டையும் கினிப்பன்றிக்கு அப்படியே பொருத்தினோம்.

பிப்ரவரி மாதத்தில் ஐந்து கிலோ குச்சித் தீவனம் மொத்தமாக வாங்கினோம். கிலோவுக்கு 60 ரூபாய் லாபம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. கட்டணம், புத்தகம், மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்து கையைக் கடித்தன. ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்க மனம் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டதும் கொத்தமல்லிக் கட்டின் விலை மூன்று மடங்காயிற்று. ஜூலை முதல் தேதி குடைமிளகாயையும் கொத்தமல்லியையும் நிறுத்தினோம். பச்சைப் புல்லும் சேறாக வந்ததால் அதையும் விட்டோம். உலர்புல், வெள்ளரி, குச்சித் தீவனம் இவை போதுமென்று எண்ணினோம். நாளொன்றுக்குக் காய்ச் செலவில் 10 ரூபாய் குறைந்தது. 25 நாளில் 250 ரூபாய் மிச்சம். கணக்கெழுதும் பொறுப்பை மகளிடம் ஒப்படைத்திருந்தோம். அவளும் மகிழ்ச்சியுடன் எழுதினாள்.

தீவனத்தில் சேர்த்த 'சி' வைட்டமின் நாளடைவில் சிதைந்துவிடும் என்பதும், சுமார் மூன்று மாதத்திற்குமேல் அதை நம்பக்கூடாது என்பதும் நமக்குத் தெரியாது. ஐந்து மாதம் டப்பாவில் கிடந்த தீவனத்தில் வயிற்றை நிரப்பும் பொருள் இருந்தது. உயிரைக் காக்கும் பொருள் இல்லை.

ஜூலை 27-ஆம் தேதி மிளகு மூலையை விட்டு நகரவில்லை. தூக்கினால் கீச்சென்று கத்தியது. புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் விட்டது. "டாக்டரிடம் கொண்டு போகலாம்" என்று மனைவி அன்றே சொன்னாள். மாதக் கடைசி, கையில் இருந்தது 400 ரூபாய். "31-ஆம் தேதி சம்பளம் வந்துவிடும், அதுவரை பார்ப்போம்" என்றோம் நாம். கினிப்பன்றி ஒருநாள் முழுதும் தின்னாமலிருந்தாலே அதன் குடல் நின்றுபோகும், அது உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டிய ஆபத்து என்பதையும் நாம் அறியவில்லை.

30-ஆம் தேதி மாலை அது நிற்கவே இயலாமல் சாய்ந்ததைக் கண்டு, அடுத்த குவார்ட்டர்ஸ்காரரிடம் கடன் வாங்கிக்கொண்டு இரண்டையும் தூக்கி ஓடினோம். கால் மூட்டுகளைத் தடவிப் பார்த்த டாக்டர், என்ன உணவு கொடுத்தோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "பசியினால் வந்ததல்ல, சத்துக் குறைவினால் வந்தது. மூன்று நாள் முன்னால் வந்திருக்கலாமே" என்று மாத்திரம் சொன்னார். ஊசியும் மருந்தும் கட்டணமுமாக 950 ரூபாய். மல்லி பிழைத்தது. மிளகு மறுநாள் விடியற்காலையில் இறந்தது. அன்று பிற்பகல் சம்பளம் வந்தது.

கொல்லைப்புற வேப்பமரத்தடியில் அதைப் புதைத்துவிட்டு வந்தோம். இரவில் மகள் கணக்குப் புத்தகத்துடன் வந்து நின்றாள். அவள் அழவில்லை. "அப்பா, மிச்சம் பிடித்த அந்த 250 ரூபாயை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?" என்று கேட்டாள். பதினைந்து ஆண்டுகளாகக் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அதற்கு விடை தெரியவில்லை. அந்த வரி இன்றும் நிரப்பப்படாமலே இருக்கிறது.

இன்றைய திட்டம்

அதன்பின் கணக்கைப் புதிதாக அமைத்தோம். இரண்டு கினிப்பன்றிகளுக்கு நம் இல்லத்தில் ஆகும் மாதச் செலவு வருமாறு:

உலர்ந்த புல் – ரூ. 400
பச்சைப் புல் – ரூ. 300
காய், கீரை – ரூ. 450
குச்சித் தீவனம் – ரூ. 400
சோப்பு முதலியன – ரூ. 100
கூட்டின் தேய்மானம் – ரூ. 50
வைத்திய நிதி – ரூ. 400
ஆக மொத்தம் – ரூ. 2,100

நாளொன்றுக்கு 70 ரூபாய். வாங்கிய விலையோ 1,600. ஒரு மாதச் செலவுக்கும் அது காணாது. ஆறாண்டு வாழ்ந்தால் 1,51,200 ரூபாய். இத்தொகையைக் கண்டு யாரும் மலைக்க வேண்டியதில்லை. ஆனால் காணாமல் வாங்கவும் கூடாது. விலை இடத்துக்கு இடம் மாறும். இனங்கள் மாறமாட்டா.

இவற்றில் குறைக்கத்தக்கவை உண்டு. மழைக்காலத்தில் தெருமுனையில் மக்காச்சோளம் சுடுபவர் வீசியெறியும் பச்சைத் தோகையைக் கேட்டு வாங்கிக் கழுவிக் கொடுத்தால் ஆவலுடன் தின்கின்றன, அதற்குக் காசில்லை. படுக்கைக்குப் பழந்துணி போதும். கூட்டை நாமே செய்யலாம். குறைக்கவே கூடாதவை மூன்று: உலர்புல், குடைமிளகாய் போன்ற 'சி' வைட்டமின் உள்ள காய், வைத்திய நிதி. காய் விலை ஏறினால் நம் சாம்பாரில் ஒரு காயைக் குறைத்துக்கொள்கிறோம். தீவனத்தை ஒரு மாதத்திற்குமேல் வாங்குவதில்லை; தயாரித்த தேதியைப் பார்த்தே வாங்குகிறோம்.

வைத்திய நிதி தனித் தகர டப்பாவில் இருக்கிறது. அதில் கை வைக்க வீட்டில் எவருக்கும் உரிமையில்லை, நமக்கும் இல்லை. மனிதருக்கு வாங்கிய மாத்திரையில் கால்பாகம் கொடுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் அவை இப்பிராணியின் குடலைக் கெடுத்து உயிரையே பறிக்கக்கூடும்.

கோடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புனாவில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியை எட்டும். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை இவை தாங்கமாட்டா. ஈரத் துணித் திரை, துணியில் சுற்றிய பனிக்கட்டிப் புட்டி, விசிறி ஆகியவை தேவை. மின்சாரச் செலவு தனி. அதே மே மாதத்தில்தான் நாம் ஊருக்கும் போகிறோம். பக்கத்து மராத்திக் குடும்பத்தார் அந்த இருபது நாளும் பார்த்துக்கொள்கின்றனர். தீபாவளிக்கு அவர்கள் ஊருக்குப் போகையில் அவர்களுடைய துளசிக்கும் வீட்டிற்கும் நாம் காவல். ஊரிலிருந்து முறுக்கும் அதிரசமும் வாங்கி வருவது இந்த இனத்தில் ஏறும் செலவு.

இலவசமாய் வந்தது

தனித்து விடப்பட்ட மல்லி சோர்ந்து கிடந்தது. கூட்டமாய் வாழும் பிராணிக்குத் துணை அவசியம். கட்கியில் வசிக்கும் அன்பர் ஒருவர் இரண்டும் பெண்ணென்று எண்ணி வாங்கி, அவற்றில் ஒன்று ஆணாக இருந்தமையால் ஆறு மாதத்தில் ஒன்பதுக்கு உரியவராகியிருந்தார். இவற்றின் சினைக்காலம் ஏறக்குறைய இரண்டு மாதமே. ஈன்ற அன்றே மறுபடியும் சினையுறக்கூடும். வாங்குமுன் ஆண் பெண் அறிந்தவரிடம் காட்டுவது எத்தனை பெரிய சிக்கனம் என்பதற்கு அவர் வீடே சாட்சி. அவரிடமிருந்து ஒரு பெண் குட்டியை வாங்கி வந்தோம். "காசு வேண்டாம், எடுத்துச் சென்றால் போதும்" என்றார். மகள் புத்தகத்தில், 'விலை: இலவசம். மாதம்: ரூ. 1,050' என்று எழுதினாள். நாம் திருத்த வேண்டியிருக்கவில்லை.

பொங்கல் பந்தியில் கேட்ட அன்பருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. பிராணியை வாங்குமுன் ஒரு தகர டப்பாவை வாங்குங்கள். இரண்டு மாத காலம் நாள்தோறும் 70 ரூபாய் அதில் போட்டு வாருங்கள். மாதக் கடைசியிலும் போடுங்கள். ஊருக்குப் பணம் அனுப்பிய மறுநாளும் போடுங்கள். உங்கள் மகனையே போடச் சொல்லுங்கள். அறுபது நாளும் தடையின்றிப் போட முடிந்தால், டப்பாவில் 4,200 ரூபாய் இருக்கும். கூட்டுக்கும் குட்டிகளுக்கும் அது போதும், மீதி வைத்திய நிதிக்கு முதலாகும். போட முடியாமற் போனால் அதில் இழிவொன்றுமில்லை. சேர்ந்த பணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்ரஜ் மிருகக்காட்சிசாலைக்குக் குடும்பத்துடன் சென்று வாருங்கள். பையன் மகிழ்வான், ஒரு ஜீவனும் நம் மாதக் கடைசிக்காகக் காத்திருக்க நேராது.